உயர்நுட்பக் கைக்கடிகாரங்கள்: வாசகர் கேள்வி – பதில்

சுவிட்சர்லாந்திலிருந்து அண்மை ஆண்டுகளில் வெளிவந்த உயர்நுட்ப இயந்திரக் கைக்கடிகாரங்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதிய கட்டுரைக்குச் சேலம் நகரிலிருந்தும் சேர்வராயன் மலையிலிருந்தும் நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. பேட்டரியின் துணையின்றி, முறுக்கிய சுருள்வில்லின் விசையால் மட்டுமே ஓடும் கடிகாரத்தில் மணி, நிமிடம், நொடி ஆகியவற்றுக்கு மேல் சேர்க்கப்படும் நாட்காட்டி, பிறை, மணியோசை போன்ற ஒவ்வொரு கூடுதல் வேலையும் ‘காம்ப்ளிகேஷன்’ எனப்படும். அந்தச் சொல்லையே கீழேயும் பயன்படுத்தியிருக்கிறேன்.

கேள்வி: வஷெரோன் கான்ஸ்டான்டின் நிறுவனம் 2025-இல் வெளியிட்ட, 41 காம்ப்ளிகேஷன்கள் கொண்ட ‘சொலாரியா’தான் இன்று உலகின் தலைசிறந்த கைக்கடிகாரம் என்று எங்கள் நண்பர் குழுவில் சிலர் உறுதியாகச் சொல்கிறார்கள். எண்ணிக்கையை வைத்துக் கடிகாரத்தை மதிப்பிடக் கூடாது என்பது என் வாதம். தங்கள் கருத்து என்ன?
*– வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்*

பதில்: முதலில் சொலாரியாவுக்கு உரிய மரியாதையைச் செலுத்திவிடுவோம். இதே நிறுவனம் 2015-இல் 57 காம்ப்ளிகேஷன்களோடு ‘57260’ என்ற கடிகாரத்தையும், 2024-இல் 63 காம்ப்ளிகேஷன்களோடு ‘பெர்க்லி’ என்ற கடிகாரத்தையும் செய்தது. ஆனால் அவை இரண்டும் உள்ளங்கையை நிறைக்கும் சட்டைப்பைக் கடிகாரங்கள். சொலாரியாவில் 1,521 பாகங்கள் 45 மில்லிமீட்டர் விட்டமும் 15 மில்லிமீட்டருக்குச் சற்றே குறைவான தடிமனும் உள்ள பெட்டிக்குள் அடங்கியிருக்கின்றன. நான்கு சுத்தியல்கள் நான்கு ஒலிக்கம்பிகளைத் தட்டி வெஸ்ட்மின்ஸ்டர் மெட்டில் நேரத்தைச் சொல்கின்றன. அதைவிட, நாம் விரும்பிய விண்மீன் நம் பார்வைக்குள் வர இன்னும் எவ்வளவு நேரமாகும் என்பதை ஸ்பிளிட் செகண்ட் எனும் இரட்டை நொடி முள்ளையும் பின்புறத்து வான்வரைபடத்தையும் இணைத்துக் கணக்கிடும் ஏற்பாடு என்னை மிகவும் வியக்க வைத்தது. ஏற்கெனவே இருந்த ஒன்றைச் சிறிதாக்கிய சாதனையென்று இதைச் சொல்ல முடியாது. இரண்டு பழைய கருவிகளை ஒன்றாக வைத்துப் பார்த்ததில் புதிதாக ஒரு பயன் பிறந்திருக்கிறது.

இருந்தாலும் தங்கள் வாதத்தின் பக்கமே நானும் நிற்கிறேன். கிழமை, தேதி, மாதம், லீப் ஆண்டு நிலை, வார எண் என்று ஒரே நாட்காட்டியின் உறுப்புகளைத் தனித்தனியாக எண்ணும் வழக்கம் இத்தொழிலில் இருக்கும்வரை, 41 பெரிதா 63 பெரிதா என்ற கேள்வியால் ஆகப்போவது ஒன்றுமில்லை. அணிபவரின் கைக்கும் ஊருக்கும் அந்த வேலை பொருந்துகிறதா என்று பார்ப்பதே பயனுள்ளது. பகற்பொழுதின் நீளத்தைக் காட்டும் முள்ளை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெனீவாவில் குளிர்காலப் பகலுக்கும் கோடைப் பகலுக்கும் இடையே ஏழு மணி நேர வித்தியாசம் உண்டு என்பதால், அங்கே அந்த முள் ஆண்டு முழுவதும் கண்ணுக்குத் தெரியும்படி நடைபோடும். சேலத்தில் அந்த வித்தியாசம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்தான். அதே முள் இங்கே இருந்த இடத்தைவிட்டு அதிகம் அசையாது. அந்த முள்ளை நகர்த்தும் ‘கேம்’ எனும் வளைவுத் தகட்டை வாங்குபவரின் ஊருக்கேற்ப வெட்டித் தரச்சொல்லிக் கேட்கலாம். ஆனால் சரியாக வெட்டப்பட்ட தகடுகூட நம் ஊரில் சொல்லக்கூடிய செய்தி குறைவுதான்.

எண்ணிக்கையில் மிகவும் பின்தங்கிய ஒரு கடிகாரத்தை இதற்கு எதிரே வைக்க விரும்புகிறேன். ஓடமார் பிகே நிறுவனம் தன் 150-ஆம் ஆண்டான 2025-இல் ‘7138’ என்ற பெர்பெச்சுவல் காலண்டர் (மாத நீளத்தையும் லீப் ஆண்டையும் தானே கணக்கிடும் நாட்காட்டி) இயந்திரத்தை அறிமுகம் செய்தது. பொதுவாக இவ்வகை நாட்காட்டிகளைத் திருத்த வேண்டுமென்றால், பெட்டியின் பக்கவாட்டில் புதைந்திருக்கும் சிறு பொத்தான்களை ஊசி போன்ற கருவியால் குத்த வேண்டும். எந்தப் பொத்தான் எதற்கு என்று கையேட்டைத் தேட வேண்டும். கருவி சறுக்கினால் தங்கத்தில் கீறல் விழும். 7138-இல் இந்தப் பொத்தான்களே இல்லை. கிரவுனை (பக்கவாட்டிலுள்ள சாவித் திருகை) வெவ்வேறு நிலைகளுக்கு இழுத்து, ஒரு பக்கம் திருப்பினால் தேதியும் மறுபக்கம் திருப்பினால் மாதமும் லீப் ஆண்டும் மாறுகின்றன. இன்னொரு நிலையில் கிழமையும் பிறையும் மாறுகின்றன. இத்தனையும் 4.1 மில்லிமீட்டர் தடிமனுக்குள் நடக்கிறது. கிரவுனால் திருத்தும் எண்ணம் புதிதன்று: 1985-இல் ஐ.டபிள்யூ.சி. நிறுவனத்தின் டா வின்சியும், 1996-இல் முன்னும் பின்னும் திருத்தக்கூடிய யூலிஸ் நார்டின் கடிகாரமும் அந்தப் பாதையைத் திறந்தவை. ஆனால் ஒவ்வொன்றையும் தனித்தனியாக, பயமில்லாமல், இரண்டே விரல்களால் திருத்த முடிகிறது என்பதை, டயலில் இன்னும் பத்து முட்களைச் சேர்ப்பதைவிடக் கடினமான, அணிபவர்மீது கூடுதல் அக்கறை கொண்ட வேலையாகவே நான் கருதுகிறேன்.

கேள்வி: எங்கள் தோட்ட பங்களாவின் முன்னால், கல்தூணின்மேல் பித்தளையாலான பழைய சூரியக் கடிகாரம் ஒன்று இருக்கிறது. வெளிநாட்டில் வசிக்கும் என் தம்பி, சூரிய நேரத்தைத் தனி முள்ளால் காட்டும் பிரெகே ‘மரீன் எக்குவேஷன் மார்ஷாந்த்’ கடிகாரத்தோடு விடுமுறைக்கு வந்தபோது இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தோம். கால் மணி நேரத்துக்கும் மேலாக வித்தியாசம் இருந்தது. விலை உயர்ந்த கடிகாரம் தவறா, தாத்தா காலத்துப் பித்தளை தவறா?
*– காப்பித் தோட்ட உரிமையாளர், ஏற்காடு*

பதில்: இரண்டும் சரியாகவே இருக்கின்றன. இந்தக் கடிதத்தைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி பெரிது. இப்படியொரு கடிகாரத்தை வாங்கியவர்களில் எத்தனை பேர் அதை உண்மையான சூரியக் கடிகாரத்தின் அருகில் வைத்துச் சோதித்திருப்பார்கள்?

பூமி சூரியனைச் சுற்றும் பாதை நீள்வட்டமாக இருப்பதாலும் அதன் அச்சு சாய்ந்திருப்பதாலும், ஒரு நண்பகலுக்கும் மறுநாள் நண்பகலுக்கும் இடைப்பட்ட நேரம் எல்லா நாளும் மிகச்சரியாக 24 மணியாக இருப்பதில்லை. சிறுசிறு நொடிகளாகச் சேரும் அந்த வித்தியாசம், பிப்ரவரி நடுப்பகுதியில் சூரியனைச் சராசரிக் கடிகாரத்தைவிட 14 நிமிடம் பின்தங்க வைக்கிறது. நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடம் முந்த வைக்கிறது. ஏப்ரல், ஜூன், செப்டம்பர், டிசம்பர் மாதங்களில் ஒவ்வொரு நாள் மட்டும் இரண்டும் ஒத்துப்போகும். 2017-இல் வெளிவந்த தங்கள் தம்பியின் மாதிரியில், இந்த ஏற்றத்தாழ்வு சிறுநீரக வடிவத்தில் வெட்டப்பட்ட ஒரு கேமில் பதிந்திருக்கிறது. அந்த வளைவின்மேல் ஒரு சிறு நெம்புகோல் தடவிச் செல்ல, சூரியப் பொட்டு வைத்த முள் நிமிட முள்ளைவிட்டு விலகியும் நெருங்கியும் நகர்கிறது. அந்தக் கேம் ஒளிபுகும் சஃபையர் தகட்டில் பொருத்தப்பட்டு டூர்பியான் எனும் சுழலும் கூண்டுக்கு மேலேயே தெரிவதை அடுத்த முறை ஐகிளாஸ் (உருப்பெருக்கி) வைத்துப் பாருங்கள். மேலே இருப்பது ஆண்டுக்கு ஒரு சுற்று, கீழே இருப்பது நிமிடத்துக்கு ஒரு சுற்று. இரண்டையும் ஒரே சாளரத்தில் வைத்த வடிவமைப்பாளரை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

சரி, கால் மணி வித்தியாசம் எங்கிருந்து வந்தது? இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையில், மிர்சாபூர்ப் பக்கத்துச் சூரியனைக் கொண்டு வகுக்கப்பட்டது. ஏற்காடு ஏறக்குறைய 78.2 பாகையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்ற கணக்கில், மலையின் உச்சிப்பொழுது அங்கே வந்ததற்குப் பிறகு 17 நிமிடம் கழித்துத்தான் இங்கே வரும். கைக்கடிகாரத்தின் சூரிய முள்ளுக்கு இந்த 17 நிமிடம் தெரியாது. தோட்டத்துப் பித்தளையின் நிழலிலோ இதுவும் சேர்ந்தே இருக்கும். ஆகவே பிப்ரவரி 11 வாக்கில் சாதாரண முட்கள் 12 மணி காட்டும்போது சூரிய முள் 11.46 காட்டும்; பித்தளையின் நிழல் 11.29-ஐ ஒட்டி விழும். நவம்பர் முதல் வாரத்திலோ 16 நிமிட முந்துதலும் 17 நிமிடப் பிந்துதலும் ஒன்றையொன்று ஏறத்தாழ அழித்துக்கொள்வதால், சூரியக் கடிகாரமும் வீட்டுச் சுவர்க் கடிகாரமும் ஒரு நிமிட வேறுபாட்டில் ஒன்றுபட்டு நிற்கும். மேகம் விலகும் நாளாகப் பார்த்துச் சோதித்து எழுதுங்கள்.

இன்னொன்றையும் அளந்து பாருங்கள். நிழல் விழச்செய்யும் சாய்ந்த தகட்டின் கோணம் ஊரின் அட்சரேகைக்குச் சமமாக, அதாவது 12 பாகைக்குச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். லண்டனுக்காகச் செய்யப்பட்டதாயின் அது 51 பாகைக்கு மேல் செங்குத்தாக நிமிர்ந்து நிற்கும். அப்படியானால் இங்கே உச்சிவேளையைத் தவிர மற்ற நேரங்களை அது சரியாகச் சொல்லாது.

கேள்வி: மூன்று தலைமுறையாக வெள்ளிக் கொலுசு வேலை செய்யும் குடும்பம் எங்களுடையது. ஒரு கைக்கடிகாரத்தின் விலையில் பெரும்பகுதி ‘கைவேலை மெருகு’க்காகத்தான் என்று எழுதியிருந்தீர்கள். மூடிய பெட்டிக்குள் இருக்கும் எஃகுத் துண்டுக்கு எதற்காக அத்தனை மெருகு? அது கையால் செய்ததா, மெஷினில் செய்ததா என்று கண்டுபிடிக்க முடியுமா?
*– வாசகர், செவ்வாய்ப்பேட்டை, சேலம்*

பதில்: முடியும். பல கடிகார ரசிகர்களைவிடத் தங்களைப் போன்றவர்களின் கண்ணுக்கு அது விரைவாகப் பிடிபடும்.

இயந்திரத்தின் பாலங்கள் எனப்படும் மேல்தகடுகளின் விளிம்புகளைக் கவனியுங்கள். செங்குத்தான விளிம்பை 45 பாகையில் சரித்து, அந்தச் சரிவு முழுவதும் ஒரே அகலத்தில் ஓடும்படி அரம் போட்டு, பிறகு மரக்குச்சியில் வைரப் பசை தடவித் தேய்த்து மெருகேற்றுவார்கள். வெளிப்பக்கம் வளையும் விளிம்பை இயந்திரமும் ஓரளவு செய்துவிடும். ஆனால் இரண்டு சரிவுகள் உட்புறமாகச் சந்திக்கும் மூலை இருக்கிறதே, அங்கே சுழலும் கருவி எதுவும் நுழைந்து கூர்மையான கோட்டை விட்டுவர முடியாது; அதன் ஆரத்துக்கேற்ப மூலை உருண்டுவிடும். மூலை கத்தி முனைபோல் ஒரு கோட்டில் முடிந்திருந்தால், அங்கே ஒரு மனிதர் அரத்தோடு மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தார் என்று பொருள். திருகின் தலை போன்ற எஃகுப் பாகங்களைத் தட்டையான வெள்ளீயத் தகட்டின்மேல் பசையிட்டுத் தேய்க்கும் இன்னொரு முறையும் உண்டு. முறையாகச் செய்யப்பட்ட பாகத்தை ஒளியில் திருப்பினால், ஒரு கோணத்தில் கண்ணாடியாகப் பளிச்சிட்டு, அடுத்த கோணத்தில் மையிட்டதுபோல் முழுக் கறுப்பாகிவிடும். இடையில் சாம்பல் நிறத் திட்டு தெரிந்தால் பரப்பு சமமில்லை என்று சொல்லிவிடலாம்.

எதற்காக என்ற கேள்விக்கு இரண்டு பதில்கள் உண்டு. அரம் விட்ட பிசிறும் துகளும் எண்ணெயில் கலந்தால் பற்சக்கரம் தேயும். விளிம்பைச் சரித்து மெருகிட்டால் பிசிறு இல்லாமல் போகும். தொடக்கத்தில் இது பயன் கருதிய வேலைதான். இன்றைய இயந்திர வெட்டில் அந்தப் பயன் பெரும்பாலும் தீர்ந்துபோன பிறகும் அவர்கள் அதை விடவில்லை. கொலுசின் முத்து அரும்புக்கு உட்புறத்தில், காலில் பட்டு யார் கண்ணுக்கும் தெரியாத இடத்தில், தங்கள் பட்டறையில் மெருகிடுவதில்லையா? அதே மனம்தான். ஜெர்மனியின் கிளாஸ்ஹ்யூட்டே ஊரிலிருக்கும் லாங்கே நிறுவனம், சேர்த்துப் பார்த்த இயந்திரத்தை மறுபடி முழுவதும் பிரித்து, மெருகிட்டு, இரண்டாம் முறை பூட்டுகிறது. புதிய வெளியீடுகளில் என் மனத்துக்கு மிக நெருக்கமானவற்றில் பாதிக்கு மேல் அந்த ஊரிலிருந்து வந்தவை.

கேள்வி: பெங்களூரு விற்பனையகம் ஒன்றில், வேண்டும்போது நேரத்தை மணியோசையால் சொல்லும் மினிட் ரிப்பீட்டரின் ஓசையைக் கேட்டேன். கோடிக்கணக்கில் விலை சொன்னார்கள். ஓசையோ மிக மெலிதாக இருந்தது. ஏமாற்றமாக இருந்தது.
*– ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், சூரமங்கலம்*

பதில்: கடையின் ஏ.சி. இரைச்சலில் ரிப்பீட்டரை எடைபோடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். விளக்குகளில்லாத இரவில் படுக்கையிலிருந்தபடி நேரமறிய, 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் பிறந்த கருவி இதன் மூதாதை. அமைதியான அறைதான் இதற்கு உரிய இடம். அடுத்த முறை தனி அறை கேளுங்கள். கடிகாரத்தை அதன் மரப்பெட்டியின்மேல் வைத்து ஒரு முறையும், கையில் கட்டிக்கொண்டு ஒரு முறையும் கேளுங்கள். தோல் ஓசையை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று தெரியும்.

முட்களை 12.59-இல் வைக்கச் சொல்லுங்கள். மிக நீண்ட ஓசை அப்போதுதான் வரும்: தாழ்ந்த சுரத்தில் 12 அடி, பிறகு காலுக்கொன்றாக மூன்று இரட்டை அடி, உயர்ந்த சுரத்தில் 14 அடி, ஆக மொத்தம் 32. கவனிக்க வேண்டியது ஓசையின் உரத்தை மட்டும் அன்று. முதல் அடிக்கும் கடைசி அடிக்கும் வேகம் மாறுகிறதா, ஒவ்வொரு அடியும் அடுத்ததால் மூடப்படாமல் தனியாகக் காற்றில் கரைகிறதா, அடிகளுக்குப் பின்னால் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சக்கரத்தின் ‘விர்’ என்ற இரைச்சல் கேட்கிறதா என்று காது கொடுங்கள். அடுத்து 3.05-இல் வைத்துக் கேளுங்கள். கால் மணி இல்லாததால் மூன்று அடிகளுக்கும் ஐந்து அடிகளுக்கும் நடுவே ஒரு வெற்றிடம் விழும். அந்த மௌனத்தைச் சுருக்கியிருக்கும் கடிகாரம் கவனமாகச் செய்யப்பட்டது என்பது என் அனுபவம்.

ஓசையின் மென்மை ஒரு குறை என்று தயாரிப்பாளர்களும் உணர்ந்தே இருக்கிறார்கள். ஓடமார் பிகே 2015-இல் அறிமுகம் செய்த சூப்பர்சொனரி அமைப்பிலும், பட்டேக் ஃபிலிப் 2021-இல் வெளியிட்ட 5750-இலும் அதிர்வைப் பெட்டிக்குக் கடத்தாமல் தனித் தகட்டுக்குக் கடத்தி ஓசையைப் பெருக்கினார்கள். 5750-இன் ஓசை 60 மீட்டர் தொலைவிலும் கேட்கும் என்கிறது அந்நிறுவனம். பிளாட்டினம் ஓசையை விழுங்கும் உலோகம் என்று பேர்பெற்றது. இவர்களோ வேண்டுமென்றே பிளாட்டினப் பெட்டியிலேயே அதைச் செய்து காட்டினார்கள். ஆனாலும் என் காதுக்கு, பழைய முறையில் செய்த ரோஸ் கோல்டு பெட்டியின் கதகதப்பான ஓசையே இன்னும் இனிக்கிறது.

ஓர் எச்சரிக்கை: பெரும்பாலான ரிப்பீட்டர்கள் தூசியையும் ஈரப்பதத்தையும் மட்டுமே தாங்கும்; நீரைத் தாங்கா. ஏற்காட்டுச் சாரலில் அணிந்து செல்ல வேண்டாம். அடிக்கும்போது கிரவுனைத் தொடவும் வேண்டாம்.

கேள்வி: நான் இயந்திரவியல் மாணவன். நூறாண்டுக்கு மேல் திருத்தமே வேண்டாத நாட்காட்டிகளைச் செய்பவர்களால் நம் பஞ்சாங்கத்தைக் கைக்கடிகாரத்தில் கொண்டுவர முடியுமா, ஐயா? தமிழ் மாதம், திதி, நட்சத்திரம் காட்டும் இயந்திரம் சாத்தியமா?
*– வாசகர், ஆத்தூர்*

பதில்: சாத்தியம் என்றே நம்புகிறேன். இந்த இதழின் கேள்விகளில் என்னை அதிக நேரம் உட்கார வைத்ததும் இதுதான்.

ஆங்கில நாட்காட்டியில் தொடங்குவோம். பெர்பெச்சுவல் காலண்டரின் இதயம், நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை சுழலும், 48 மாதங்களுக்கும் ஆழம் வெட்டிய ஒரு தகடு. 31 நாள் மாதத்துக்கு மேடு, 30-க்குச் சிறு பள்ளம், பிப்ரவரிக்குப் பெரும் பள்ளம், நான்காவது பிப்ரவரிக்கு மட்டும் அதைவிடக் குறைந்த ஆழம். 2100 லீப் ஆண்டில்லை என்பது அந்தத் தகட்டுக்குத் தெரியாததால், அவ்வாண்டு மார்ச் 1 அன்று யாராவது திருத்த வேண்டும். ஐ.டபிள்யூ.சி. 2024-இல் வெளியிட்ட ‘இட்டர்னல் காலண்டர்’, 400 ஆண்டுக்கு ஒரு முறை சுற்றும் சக்கரத்தைச் சேர்த்து அந்த விதிவிலக்கையும் கையாள்கிறது.

தமிழ் மாதங்களுக்கு வேறொரு சிக்கல் உண்டு. சூரியன் ஒவ்வொரு ராசியைக் கடக்க எடுக்கும் உண்மையான காலமே மாதத்தின் நீளம். ஜூலைத் தொடக்கத்தில் பூமி சூரியனிலிருந்து மிகத் தொலைவில் மெதுவாகச் செல்வதால் ஆனியும் ஆடியும் 31 அல்லது 32 நாள் நீள்கின்றன. எதிர்ப்பக்கத்தில் மார்கழி 29 அல்லது 30 நாளில் முடிகிறது. சங்கராந்தி சூரிய மறைவுக்கு முன் வந்தால் அன்றே முதல் தேதி, பின்னால் வந்தால் மறுநாள் என்ற விதியையும் சேர்த்தால், எந்த ஆண்டு எந்த மாதம் ஒரு நாள் கூடும் என்பது நான்கு ஆண்டுச் சுழற்சிக்குள் அடங்காது. விண்மீனை ஒட்டி அளக்கும் நம் ஆண்டு, ஆங்கில ஆண்டைவிட ஏறத்தாழ 20 நிமிடம் நீளம் என்பதால், சித்திரை முதல் தேதியும் சுமார் 70 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் தள்ளிப்போகும். ஆயினும் இதைவிடக் கரடுமுரடான சீன நாட்காட்டியை, அதன் இடைச்செருகல் மாதங்களோடு சேர்த்து, பெர்க்லி கடிகாரத்தில் வெற்றிகரமாகப் பொருத்திவிட்டார்கள். எனவே மாதம் தடையில்லை. பிரபவ முதல் அட்சய வரையிலான ஆண்டுப் பெயர்களுக்கு 60 பல் கொண்ட ஒரு சக்கரம் போதும்.

திதியில்தான் உண்மையான சோதனை. வழக்கமான மூன்ஃபேஸ் எனும் பிறைகாட்டியில் 59 பல் சக்கரம் ஒன்று இரண்டு சந்திர மாதங்களை 59 நாளாகக் கொள்கிறது. அது மூன்று ஆண்டு முடியும் முன்பே ஒரு நாள் பிசகும். 135 பல் சக்கரமுள்ளவை 122 ஆண்டுக்கு ஒரு நாள் பிசகும். மேலே சொன்ன ஐ.டபிள்யூ.சி. கடிகாரம் ஒரு நாள் பிசக 4.5 கோடி ஆண்டு ஆகும் என்கிறார்கள். அந்தக் கணக்கில் பொய்யில்லை. ஆனால் அது சராசரி நிலவைப் பற்றியது. வானத்து நிலவு வேகம் மாறி மாறிச் செல்வதால், உண்மையான அமாவாசை சராசரியிலிருந்து பல மணி நேரம் முந்தவும் பிந்தவும் செய்யும். ஒரு திதி ஏறத்தாழ 19 மணியிலும் முடியலாம், 26 மணிக்கு மேலும் நீளலாம். வீட்டில் அமாவாசைத் தர்ப்பணம் கொடுப்பவருக்கு 4.5 கோடி ஆண்டுச் சராசரியால் பயனில்லை. இன்றைய திதி எப்போது முடிகிறது என்பதே அவருக்கு வேண்டும்.

இதற்கான வழி நம் மரபிலேயே இருக்கிறது. வாக்கியப் பஞ்சாங்கக்காரர்கள் நிலவின் இடத்தை 248 நாள்களுக்கான 248 வாக்கியங்களில் மனப்பாடமாக வைத்திருந்தார்கள். நிலவு பூமியை நெருங்கி, விலகி, மறுபடி நெருங்கும் சுழற்சி ஒன்பது முறை நடந்து முடிவதும் ஏறக்குறைய மிகச்சரியாக 248 நாளில்தான். இயந்திர மொழியில் சொன்னால் அந்த 248 வாக்கியங்களும் 248 படிகள் வெட்டிய ஒரு கேம்! கேம் வேண்டாமென்றால், கிரேக்கத்தின் ஆன்டிகிதேரா தீவருகே மூழ்கிய கப்பலிலிருந்து 1901-இல் எடுக்கப்பட்ட, 2,000 ஆண்டுக்கு முந்தைய வெண்கலக் கருவியைப் பாருங்கள். மையம் விலகிய இரண்டு சக்கரங்களை ஓர் ஊசியாலும் ஒரு துளையாலும் இணைத்து, நிலவின் வேக மாற்றத்தை அவர்கள் செய்து காட்டியிருக்கிறார்கள். சூரியனுக்கும் அதேபோல் ஒரு சிறு திருத்தம் கொடுத்து, இரண்டின் இடைவெளியை 12 பாகைக்கு ஒன்றாகப் பிரித்தால் திதி. நிலவின் இடத்தை மட்டும் 27-ஆகப் பிரித்தால் நட்சத்திரம். திருக்கணிதத்தின் துல்லியம் இதில் கிடைக்காது. இன்னும் சில திருத்தங்களைச் சேர்க்க வேண்டும். என்றாலும் வாக்கியத்துக்கு அருகில் வரும் ஓர் இயந்திரத்தைத் தாங்கள் படிப்புக்கான செயல்திட்டமாக, மேசைக் கடிகார அளவில் பித்தளையில் செய்துபார்க்கலாம். செய்தால் கணக்கை எனக்கு அனுப்புங்கள். உடனிருந்து சரிபார்க்க ஆசைப்படுகிறேன்.

கேள்வி: கஞ்சமலை அடிவாரத்தில் வசிக்கிறேன். மலை முழுவதும் காந்தத் தன்மையுள்ள இரும்புத்தாது என்பதால் இயந்திரக் கடிகாரம் கெடும் என்கிறார்கள். உண்மையா?
*– வாசகர், சித்தர் கோயில் பகுதி*

பதில்: அஞ்ச வேண்டாம். காந்தப்புலத்தை அளக்கும் ‘காஸ்’ அலகில் சொன்னால், பூமியின் காந்தப்புலம் நம் பகுதியில் அரை காஸுக்கும் குறைவு. மலையிலுள்ள மேக்னடைட் அதைச் சிறிது கூட்டும், குறைக்கும், அவ்வளவே. காந்தம் தாங்கும் கடிகாரம் என்பதற்கான பொதுத் தரம் 60 காஸ் வரை தாங்குவதைக் கேட்கிறது. கடிகாரம் திடீரென்று நாளுக்குச் சில நிமிடம் விரைந்தால், கைப்பையின் காந்தப் பூட்டு, செல்போன் உறை, ஒலிபெருக்கி ஆகியவற்றைச் சந்தேகியுங்கள். ஹேர்ஸ்பிரிங் எனும் மெல்லிய நுண்சுருளின் சுற்றுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். காந்தம் நீக்கும் கருவியில் சில நொடிகளில் சரியாகிவிடும். சிலிக்கான் ஹேர்ஸ்பிரிங் உள்ள புதிய கடிகாரங்களில் அந்தச் சுருளில் காந்தம் ஏறுவதே இல்லை.

கேள்வி: டூர்பியான் உண்மையில் நேரத்தைத் துல்லியமாக்குகிறதா? இந்திய டூர்பியான் உண்டா?
*– வாசகர், அயோத்தியாப்பட்டணம்*

பதில்: கடிகாரக் கலைஞர் பிரெகே 1801-இல் அதற்குக் காப்புரிமை பெற்றபோது, கடிகாரம் நாள் முழுவதும் சட்டைப்பையில் ஒரே நிலையில் நின்றுகொண்டிருந்தது. புவியீர்ப்பால் ஒரே பக்கம் சேரும் பிழையைப் பகிர்ந்துவிட, பேலன்ஸ் வீல் எனும் அலைவுச் சக்கரத்தையும் அதற்கு விசையை அளவாக விடும் எஸ்கேப்மென்ட்டையும் ஒரு கூண்டில் வைத்துச் சுழற்றினார். மணிக்கட்டு தானே எல்லாத் திசையிலும் அசைவதால், நன்றாகச் சீரமைத்த சாதாரணக் கடிகாரம் இன்று டூர்பியானுக்குச் சளைத்ததில்லை. ஒரு கிராமுக்கும் குறைவான எடையில், பல பத்துப் பாகங்களைச் சேர்த்து, பிசிறில்லாமல் சுழலச் செய்யும் கைத்திறனுக்காக அதை மதிக்கிறேன், துல்லியத்துக்காக அன்று.

இந்திய டூர்பியான் உண்டு. 1980-களில் ஓசூரில் தொழிற்சாலை தொடங்கிய டைட்டன் நிறுவனம், 2025-இல் ‘நெபுலா ஜல்சா’ என்ற பெயரில் தன் சொந்த டூர்பியான் இயந்திரத்தோடு பத்தே பத்துக் கடிகாரங்களை வெளியிட்டது. விலை 40 லட்சம் ரூபாயை ஒட்டியது. டயலில் உள்ள நுண்ணோவியம் அழகுதான் என்றாலும் எனக்கு அந்த இயந்திரமே பெரிதாகப் பட்டது. அதே இயந்திரத்தை ஓவியமில்லாத எளிய டயலோடு, இன்னும் பலருக்கு எட்டும் விலையில் அவர்கள் கொண்டுவர வேண்டும் என்று விரும்புகிறேன்.

கேள்வி: என் அண்ணன் பெர்பெச்சுவல் காலண்டர் கடிகாரம் ஒன்று வாங்கினார். கடை ஊழியர் இரவு ஒன்பதரை மணிக்குத் தேதியைத் திருத்தித் தந்தார். மறுநாளிலிருந்து மாதமுள் இரண்டு மாதத்துக்கு நடுவில் நிற்கிறது. கடையில் கேட்டால் ‘ஓடினால் சரியாகிவிடும்’ என்கிறார்கள். நானும் ஒன்று வாங்கும் எண்ணத்தில் இருக்கிறேன். எவற்றைக் கவனிக்க வேண்டும்?
*– வாசகர், ஓமலூர்*

பதில்: தானாகச் சரியாகாது, ஓடவும் விடாதீர்கள். நாட்காட்டியின் பெரிய நெம்புகோல் நள்ளிரவுத் தாவலுக்காக மாலை எட்டு, ஒன்பது மணியிலிருந்தே நகரத் தொடங்கிவிடும். அந்த நேரத்தில் திருத்தப் பொத்தானை அழுத்தினால் இரண்டும் மோதி, மெல்லிய விரல் போன்ற பாகம் வளைந்துவிடும். கிரவுனை இழுக்காமல், முள்ளைப் பின்னோக்கித் திருப்பாமல், பொத்தான் எதையும் தொடாமல் கடிகாரத்தை நிறுத்திவைத்து, தயாரிப்பாளரின் அதிகாரபூர்வச் சேவை மையத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பும் முன் டயலைப் படமெடுத்து, திருத்தப்பட்ட நேரத்தையும் கடையின் பெயரையும் எழுத்தில் தந்து, கையொப்பமிட்ட ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். சரியாகி வந்த பிறகு, எப்போது திருத்தினாலும் முட்களை முதலில் காலை ஆறு மணியைத் தாண்டிக் கொண்டுபோய் நிறுத்திவிட்டுத் திருத்துவது பாதுகாப்பு. புதிய மாதிரிகள் சிலவற்றில் இந்த மோதலைத் தவிர்க்கும் காப்பு இருக்கிறது. வாங்கும் முன் அதைக் கேட்டு, கையேட்டில் அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

வாங்குவதைப் பொறுத்தவரை, பத்து லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கைக்கடிகாரத்துக்கு விற்பவர் 1 சதவீத வரியை முன்கூட்டியே வசூலிக்கும் விதி 2025 ஏப்ரல் 22 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்தத் தொகையை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்பதால் பில்லையும் சான்றையும் பத்திரப்படுத்துங்கள். சாதாரண ஆட்டோமேட்டிக் கடிகாரத்தைச் சேலத்திலேயே நம்பிக்கையான மெக்கானிக்கிடம் கொடுத்து எண்ணெய் மாற்றலாம். ரிப்பீட்டரையும் பெர்பெச்சுவல் காலண்டரையும் அப்படிக் கொடுக்கக் கூடாது. இவை பெரும்பாலும் சுவிட்சர்லாந்துக்கோ ஜெர்மனிக்கோ போய், பல மாதம் கழித்துத்தான் திரும்பும். அந்தச் சேவைக்கு இன்றைய கட்டணம் எவ்வளவு, போகவர இன்சூரன்ஸ் யார் பொறுப்பு என்ற இரண்டையும் பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அண்ணன் வாங்கிய அதே கடையில்தான் வாங்கப்போகிறீர்கள் என்றால், அவருடைய கடிகாரம் சரியாகித் திரும்பும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.